நிலுவைப் பத்தி

வாணியம்பாடியில்
பாலாற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் தோல் ஷாப்பை மூடி
ஆறு வருஷம். கழிவுநீர் வழக்கில் விழுந்த பூட்டு.
கணக்கை முடித்துக் கொடுக்க என்னை அனுப்பினார்கள்.
சுவரில் இன்னும் ஆவாரம்பட்டை வாசனை.
குழிகளில் சுண்ணாம்பு பாளம் பாளமாய் வெடித்திருந்தது.

பழைய பேரேடுகளைக் கிலோ இருபது ரூபாய் என்று பேசி
தராசோடு வந்தார் இம்தியாஸ்.
அவர்தான் முதலில் கையை நிறுத்தினார்:
"மேடம், இது வலமிருந்து இடம் போவுது.
எங்க எழுத்தாட்டமே போவுது.
ஆனா எங்க எழுத்து இல்ல."

கூலிப் பேரேடு, 1943.
முன்பாதியில் ஆள், தோல் எண்ணிக்கை, கூலி,
முன்பணம், நிலுவை.
முனியன், காசிம், சின்னபாப்பா.
பின்பாதியைக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கி
யாரோ நிரப்பியிருந்தார்,
அதே கோடுகளுக்குள், அதே பத்திகளுக்குள்.
உச்சியில் ஒரே ஒரு சொல் ஆங்கில எழுத்தில்:
ஜபோலிட்ஸா.

லைசர் என்று ஒரு கெமிஸ்ட். போலந்துக்காரர்.
முப்பத்தெட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார்.
"வெள்ளக்காரருதான், ஆனா நம்மளாட்டம்
பன்னி தொடமாட்டாரு" என்று
இம்தியாஸின் வீட்டில் ஒரு பேச்சு உண்டாம்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவு:
தபால் செலவில் மாதம் நாலு முறை அவர் பெயர்.
நாற்பத்தொன்று ஜூனுக்குப் பிறகு
ஓரணாகூட இல்லை.

அந்த ஊரின் நூலகத்திலிருந்து போஷேனா பதில் போட்டாள்.
அவள் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
ஒரே அளவுக்கு நொண்டின.
"அந்த மக்களில் ஒருவரும் இப்போது இங்கில்லை.
நான் அவர்களில் ஒருத்தியும் இல்லை.
பள்ளிக்கூட முற்றத்துத் தளக்கல்லைப் புரட்டினார்கள்.
அடிப்பக்கம் பெயர் இருந்தது.
அன்றிலிருந்து சேர்க்கிறேன்."

இரவுக்குப் பத்துப் பக்கம் படமெடுத்து அனுப்பினேன்.
காலையில் பெயர்களாகத் திரும்பி வந்தன.

சந்தைத் தெரு, வடக்கு வரிசை.
வீடு 3. ஹெர்ஷ், குல்லாய் தைப்பவர். தும்மினால் தெருவே திரும்பும்.
வீடு 5. சகோதரிகள் மூவர். நடுவிலவள் கித்தல்,
கொடுத்த கடனைக் கேட்கமாட்டாள்.
வீடு 9.
வீடு 11. பெயர் மறந்துவிட்டது. பச்சைக் கதவு.

ஒன்பதுக்கு எதிரே ஒன்றுமில்லை.
பேனா ஊன்றி நின்ற பொட்டு மட்டும்.
அவருடைய வீடா? தெரியாது.
ஊகத்தைக் கணக்கில் ஏற்றக் கூடாது.

நிலுவைப் பத்தி நெடுகக் காலி.
சுழிகூட இல்லை.
தீர்ந்த கணக்குக்குச் சுழி போட வேண்டும் என்று
முன்பாதியில் தெரிந்திருக்கிறது அவருக்கு.
முனியனுக்குப் போட்டிருக்கிறார்.

வீடு 14. ருஹ்லா, பொத்தான் விற்பவள், ஐந்து பிள்ளைகள்.
அடுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே.

இதற்குப் பிறகு பதினோரு நாள் பதிலில்லை.
பன்னிரண்டாம் நாள்:
"பதினான்கு என் வீடு.
என் அப்பா பிறந்தது அங்கேதான், நாற்பத்துநான்கில்.
அடுப்பு இன்னும் ஜன்னலுக்கு எதிரேதான் இருக்கிறது."

பரவாயில்லை என்று தட்டி, அழித்தேன்.
சரி என்று தட்டி, அதையும் அழித்தேன்.
பிறகு பிள்ளைகளின் பெயரைக் கேட்டேன்.
ஷீயா, பைலா, மோட்டல், ஃபைகா.
ஐந்தாவதில் மை பரவியிருக்கிறதாம்.
ஆம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே
நாலையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
ஃபைகா வரவில்லை. பைகா என்றுதான் வந்தது.
அதற்குள் டோல்கேட் வந்துவிட்டது.

இம்தியாஸ் அந்த ஒன்றைத் தனியாக நிறுத்தார்.
இரண்டு கிலோ முந்நூறு. நாற்பத்தாறு ரூபாய் கொடுத்தேன்.
அட்டைக்கு விலை கிடையாது என்று
ஆறு ரூபாயைத் திருப்பித் தந்தார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
இருந்த பேரேடுகள் நூற்றெழுபத்தொன்று.
விற்றவை நூற்றெழுபது.
ஒன்றின் கணக்கு முடியவில்லை.