உப்பில்லாத தண்ணீர்

ஒரு சொட்டு விட்டால் போதுமாம்.
கடல் நுழைந்திருந்தால் பாலாய் வெளுக்கும்,
நுழையாவிட்டால் சும்மா நிற்கும்.
வெள்ளி நைட்ரேட்.
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசாகிற அதே வெள்ளி
திரியெஸ்தே துறைமுகத்தில்
ஒரு சர்வேயரின் குப்பிக்குள்ளிருந்து
எங்கள் காப்பி மூட்டைக்குச் சாட்சி சொன்னது:
சும்மா நின்றது.

ஆகவே குற்றம் கடலுடையதல்ல.

முந்நூற்றிருபது மூட்டை ஏற்றினோம்.
தொண்ணூற்றியொன்றில் பூசணம்.
வாங்கியவர் இத்தாலிக்காரர், கப்பலின் கொடி லைபீரியா,
சொந்தக்காரர் கிரேக்கர், ஓட்டியவர்கள் பிலிப்பைன்ஸ்.
வழக்கு மட்டும் லண்டனில்.
ஏனென்று கேட்டேன்.
வக்கீல் கேசவராயன் பில் ஆஃப் லேடிங்கைப் புரட்டிப் போட்டு
பூதக்கண்ணாடி கொடுத்தார்.
எறும்பு ஊர்ந்த மாதிரி இருபத்தேழு விதிகள்,
அதில் பத்தொன்பதாவது.
யார் சார் இதில் கையெழுத்துப் போட்டது?
"யாரும் போடலம்மா. சரக்கை ஏத்தினாலே
ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

கப்பல் தரப்பு சொல்வது இது:
காப்பிக்கு வியர்த்தது.
சேர்வராயன் மலைப் பனியை உள்ளே ஒளித்துக்கொண்டே
பெட்டியில் ஏறிக்கொண்டது.
குளிர்க்கடலில் கூரைத் தகரம் ஜில்லிட்டதும்
மூச்சு விட்டு, மூச்சு விட்டு,
தன்னைத் தானே நனைத்துக்கொண்டது.
சரக்கின் பிறவிக் குறை.
பிறவிக் குறைக்குக் கப்பல் பொறுப்பல்ல.

நாங்கள் சொல்வது: கூரையில் ஓட்டை.
கொழும்பில் நாலு நாள் திறந்த யார்டில், மழையில் கிடந்தது.

ஆனால் கொழும்பு மழைக்கும் உப்பில்லை
காப்பியின் வியர்வைக்கும் உப்பில்லை.
வெள்ளிக்கு அதற்கு மேல் தெரியாது.

அப்படித்தான் மூன்று கடல் தாண்டிய வழக்கு
திரும்பி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி
நாகலூர் குடோனில்
என் கோடு போட்ட நோட்டுக்கு வந்து சேர்ந்தது.

அஸ்தம்பட்டியில் மாடி அறை. மாலை நாலரை,
அங்கே காலை பதினொன்று.
திரையில் மூன்று முகங்கள். ஒன்றின் பின்னால் நாய் குரைக்க
அவர் மன்னிப்புக் கேட்டார்.
முதலில் லாரி டிரைவர் தீர்த்தமலை.
பெயருக்குப் பொருள் கேட்டார்கள்.
புனித நீர் மலை என்று மொழிபெயர்த்ததும்
எதிர்த்தரப்பு வக்கீல் எதையோ குறித்துக்கொண்டார்.
தார்ப்பாய் போட்டீர்களா?
போட்டேன்.
வழியில் எங்காவது நிறுத்தினீர்களா?
பதினோராவது வளைவில். ஒண்ணுக்கு.
அதையும் மொழிபெயர்த்தார்கள்.

பிறகு நான், ஜெசிந்தா, ஸ்டோர் கீப்பர்.
"ஈரப்பதம் பதினொன்று புள்ளி நாலு.
இது உங்கள் கையெழுத்தா?"
என்னுடையதுதான். என் நாலுக்கு எப்போதும் கால் நீளம்.
"எப்படி அளந்தீர்கள்?"

பொங்கல் முடிந்து நாலாம் நாள்.
எதிரே நிற்கும் சில்வர் ஓக் தெரியாத பனி.
மீட்டரில் பாட்டரி செத்திருந்தது,
கடை திறக்க ஒன்பதாகும்.
முதலாளி வாட்சைப் பார்த்தார்,
தீர்த்தமலை ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான்.
மூட்டைக்கு ஒரு கொட்டை எடுத்துக் கடித்தேன்.
பதினேழு வருஷம் கடித்த பல்.
டொக். டொக். காய்ந்த சத்தம்.
பதினொன்று என்று எழுதினேன்.
முழு எண்ணை யார் நம்புவார்கள் என்று தோன்றி
புள்ளி வைத்து நாலு போட்டேன்.

"மீட்டரில்தானே?"

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் முதலாளியின் நிழல் அசையவில்லை.
கேசவராயன் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.
மேட்டூர்த் தண்ணீர்.
ஒரு வாய் குடித்தேன்.

"பல்லில்," என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.
மூன்று முகங்களும் குனிந்து எழுத ஆரம்பித்தன,
வெகுநேரம் எழுதின.

புள்ளி நாலைப் பற்றி
இதுவரை யாரும் கேட்கவில்லை.