மூன்றாம் முறை விடுப்பு

அக்டோபர் என்றார்கள். அப்புறம் பிப்ரவரி.
இப்போது வெள்ளி, நள்ளிரவு.
க்டினியா பணிமனையில்
மறுபடியும் விடுப்பு எழுதி நீட்டுகிறாள் வியெஸ்வாவா,
டிராலிபஸ் ஓட்டுநர்.
"இந்தத் தடவையாவது திறக்குமா உன் ராஜ்யம்?"
முத்திரை குத்துகிறார் இரெனேயுஷ்.

வீட்டில்
எண்பது ஜிகாபைட் இறங்குகிறது, சொட்டுச் சொட்டாய்.
பீட்ரூட் சூப் ஆறிப்போயிற்று.
வரைபடத்தில் பாதிக்கு மேல் மூடுபனி;
உப்புக்கோட்டையின் கிழக்கு வாசல் மட்டும்
அவளுக்கு அத்துப்படி.
அங்கேதான் கூடுவதாகப் பேச்சு.
பழைய உலகின் சர்வரை அணைத்த இரவில்
ஏழு பேரும் தட்டிய கடைசி வரி அது.

ஐந்து பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.
வைத்தியனிடமிருந்து
ஒரு புள்ளிகூட இல்லை.
எந்த ஊர், என்ன வயது, யாரும் கேட்டதில்லை.
செத்து விழுந்த அவளை
நானூறு முறையாவது எழுப்பியிருப்பான்,
"மெதுவாகப் போயேன்" என்று திட்டிக்கொண்டே.

பெயர்ப் பதிவு திறந்த நிமிடம்
இரண்டாவது கணக்குக்குக் காசு கட்டி
அவன் பெயரை முதலில் பிடித்துவைத்தாள்,
வேறு எவனும் எடுத்துவிடக் கூடாதே என்று.
தன்னுடையதைத் தட்டுவதற்குள்
யாரோ கொண்டுபோய்விட்டான்.

போகட்டும்.
கடைசியில் ஓர் எழுத்தை ஒட்டிக்கொண்டாள்.
தொண்ணூற்றொரு சதவீதம்.
ஜன்னலுக்கு வெளியே
ஆளில்லாத இருபத்தேழாம் வண்டி
கம்பியில் பொறி பறக்கத் திரும்புகிறது.