ஒரு கால் கூடினால்

கைப்பையில் ஐம்பத்தெட்டாயிரம் ராண்ட்,
டார்ச், கந்தல் துணி,
ஃபிரிட்ஜ் கதவில் மின்கட்டண ரசீதைப்
பிடித்துக்கொண்டிருந்த காந்தம்.
கூட வருகிறேன் என்ற மெக்கானிக் சீலன்
போனை எடுக்கவில்லை.
வெருலத்தில் விடியும்போதே வேர்க்கிறது.
இது தானம் வந்த மாடில்லை,
பல்லைப் பிடித்துப் பார்க்கத்தான் போகிறேன்.

ஃபீனிக்ஸில் முதல் வண்டி.
டயருக்குக் கறுப்புப் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்து
பெண்பார்க்க உட்கார்த்தியதுபோல் நிறுத்தியிருந்தார்கள்.
"எண்பதாயிரம்தான் ஓடியிருக்கு அக்கா, சாமி சத்தியமா."
பானெட்டில் உள்ளங்கையை வைத்தேன்.
காலை ஏழு மணிக்கு
எங்கும் போகாத வண்டிக்கு
ஏனப்பா காய்ச்சல்?
கிளட்ச் மிதியில் ரப்பர் தேய்ந்து
இரும்பு பல்லிளித்தது.
மீட்டரைத் திருப்பிவிடலாம்,
மிதித்த காலை என்ன செய்வாய்?

டொங்காட் கடலோரம் இரண்டாவது.
நீலம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்,
மனசு அங்கேயே போய்விட்டது.
அந்த நீலத்தின்மேல் என் கறிவேப்பிலைக் கட்டுகளை
ஏற்றியே பார்த்துவிட்டேன்.
கூரையில் காந்தம் ஒட்டியது.
கதவில் ஒட்டியது.
கதவுக்குக் கீழே
வழுக்கி மணலில் விழுந்தது.
பெயின்ட்டுக்குள் பட்டிதான், தகரமில்லை.
எத்தனை வருடம் படகு இழுத்ததோ,
உப்பிட்ட கடலை
உள்ளளவும் நினைத்துக்கொண்டிருந்தது.

பிரேம்ராஜ் விலையை இரண்டாயிரம் குறைத்தார்.
காந்தத்தைத் துடைத்துப் பையில் போட்டேன்.

இனாண்டா மேட்டில் மூன்றாவது.
வுசி ம்கீஸே, பூச்சு வேலை,
கைமுட்டி வரைக்கும் சிமென்ட்.
பாதி ஜூலுவும் பாதி இங்கிலீஷுமாக
விலைக்கு முன்னால் குறையைச் சொன்னார்:
குளிரில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும்.
இடது கதவை உள்ளிருந்து திறக்க முடியாது,
கண்ணாடியை இறக்கி வெளியே கை விடணும்.
மாதம் அரை லிட்டர் ஆயில் குடிக்கும்.
பெட்ரோல் முள் பொய் சொல்லும்.
ஒருமுறை ஆடு ஏற்றினோம்.
மழை வந்தால் ஆடு வரும்.

எஞ்சினைத் தொட்டேன், பானைத் தண்ணீர்போல் இருந்தது.
இரண்டாம் திருப்பில் உயிர் வந்தது.
புகை கொஞ்சம், பிறகு இல்லை.
சுரிதாரோடு செம்மண்ணில் மல்லாந்து படுத்து
அடிவயிற்றை டார்ச்சால் பார்த்தேன்.
புது வெல்டிங் எதுவுமில்லை.
எஞ்சின் எண்ணும் காகிதத்து எண்ணும்
ஒன்றையொன்று அறிந்திருந்தன.

சர்வீஸ் புத்தகம் கேட்டதற்கு
மகளின் பள்ளி நோட்டைக் கொடுத்தார்.
ஏழெட்டு ஐம்பத்துநான்கு என்று எழுதி
அடித்துத் திருத்தியிருந்தாள்.
அடுத்த பக்கத்தில் அப்பா:
தேதி, பெல்ட், பிரேக், ஆயில்,
அவருக்கும் அடித்தல் திருத்தல்.
எனக்கு ஜூலு எழுத்துக்கூட்டத்தான் வரும்.
எண்களுக்குக் கூட்ட வேண்டியதில்லை.

அறுபத்தைந்து என்றார்.
ஐம்பத்தைந்து என்றேன்.
ஆட்டை இரண்டு தரம் ஞாபகப்படுத்தினேன்.
அறுபத்திரண்டில் நின்றது,
நாலாயிரத்துக்குத் தை மாசம் வரை தவணை.
அவருக்கு அது ஜனவரி.
அதுவரை மாற்றுச் சாவி அவரிடம்.
சரிதானே. நானானாலும் தரமாட்டேன்.

இந்த ஊரில் இதற்குப் பெயர் பக்கி.
கணக்கு நோட்டில் அப்படியே எழுதினேன்,
கோயில் வகுப்பில் படித்த தமிழில்.
கீழே ஒரு கால் கூட்டி
பாக்கி, 4000.

வாடகை வேனுக்கு
நடைக்கு அறுநூறு அழுததை
அதற்குக் கீழே எழுதி, அடித்தேன்.
நாளை மூன்று மணிக்கு டர்பன் சந்தை.

இறக்கத்தில் ரோபோ சிவப்பு.
சிக்னலைச் சொல்கிறேன், இங்கே அதற்கு அப்படித்தான் பெயர்.
பச்சை விழுந்தது.
முதல் கியர். இரண்டாம் கியர்,
சொன்னது சொன்னபடி
முரண்டு பிடித்தது.
பின்னால் மினிபஸ் டாக்ஸி ஹார்னில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.
பொறுடா, பொறு என்றேன்
அவனுக்கா கியருக்கா
எனக்கே தெரியவில்லை.