ஓரடிக்குப் பன்னிரண்டடி

நகரவிழாப் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
உண்டு, இல்லை, கேட்டுச் சொல்கிறோம்.
பதினோரு அரங்குக்கும் நானே போய்ப் பார்க்கவேண்டுமாம்.
நாகர்கோவில் மாநகராட்சி, வரி வசூல் பிரிவு,
சக்கர நாற்காலியில் வீடு வீடாகப் போய்
பாக்கி வாங்கினவன்;
படிகளை என்னைவிட யார் அறிவார்.

ஜெர்லின் ஸ்கூட்டரில் முன்னால் போவாள்,
கையில் இன்ச் டேப்பு, வாயில் நேந்திரங்காய் வத்தல்.
பின்னால் வாடகை வேனில் நான்.
ஒழுகினசேரிக்கு இறங்கி, வடசேரிக்கு மறுபடி ஏறி,
இந்த ஊரே ஒரு சாய்தளம்.
எந்த விதிக்கும் கட்டுப்படாமல்
மலைகள் தங்கள் பாட்டுக்குப் போட்டது.

முதல் அரங்கு, பள்ளிக்கூட முற்றம்: உண்டு.
மூன்றாவது, நூலகத்து மாடி: இல்லை.
லிப்டுக்குள் நாற்காலிகள் அடுக்கியிருந்தன,
வேறுவகை நாற்காலிகள்.
ஆறாவதில் கழிப்பறைக் கதவு
என்னைவிட இரண்டு விரற்கடை ஒல்லி.
"கேட்டுச் சொல்றோம் சார்" என்றான் பொறுப்பாளன்.
கதவிடம் கேட்பானோ என்னவோ.

எட்டாவது, கோட்டாற்றில் ஒரு பழைய அரிசி ஆலை.
பந்தல் காண்டிராக்டர் தாணுலிங்கம்
இரண்டு பிளைவுட் பலகையைச் சாய்த்துவைத்து
"ஏறிப் பாரும் கிறிஸ்துதாசே, சிங்கம்போல நிக்கும்" என்றார்.
வாசல் இரண்டடி உயரம், பலகை ஆறடி.
ஏறுவது நான், தள்ளுவது ஊர், விழுவது மறுபடி நான்.

"ஓரடி ஏற பன்னிரண்டடி வேணும்."

"அப்போ இருவத்திநாலா? கேட்டுக்கு வெளியில போயிருமே!
கலெக்டர் கார் எங்க நிக்கும்?"

அதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

இரவு முழுக்க அடித்திருக்கிறார்கள்.
காலையில் போனால், கேட்டைத் தாண்டி
வத்தல் கடை அடுப்புவரை நீண்டு கிடக்கிறது.
தாணுலிங்கம் அதன்மேல் ஏறுகிறார், இறங்குகிறார்,
முட்டியைத் தடவிக்கொண்டே மறுபடி ஏறுகிறார்.
"கொள்ளாம்" என்கிறார்.
மலையாளமா தமிழா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

சாயங்காலம் சிக்கல் வேறு வழியாக வந்தது.
சாய்தளம் முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.
ஆரல்வாய்மொழிக் காற்று, நேர் எதிரே மேடை,
ஒருத்தி பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள்.
"வழி" என்றேன்.
ஒவ்வொருவராக எழும்பி, செருப்பை ஒதுக்கி,
நான் கடந்ததும் அப்படியே அமர்ந்தார்கள்,
வள்ளம் போனபின் காயல் மூடிக்கொள்வதுபோல.

மேடையின் இடது ஓரத்தில் ஷமீலா.
சொல்வதையெல்லாம் கையால் சொல்ல வந்தவள்.
சிறப்பு விருந்தினர் எழுந்ததும்
விளக்கு மொத்தமும் அவர் பக்கம் திரும்பிற்று.
இருட்டில் அவள் கைகள்
எதையோ சொல்லிக்கொண்டிருந்தன.
முன்வரிசையில் பதினேழு பேர்,
கேட்காதவர்கள், இப்போது பார்க்கவும் முடியாமல்.
கருணை என்றால் என்ன தெரியுமா
என்று கேட்டுக்கொண்டிருந்தார் விருந்தினர்.

ஜெர்லினைக் காணோம்.
பிறகு பலகை அதிர்ந்தது.
இருபத்துநாலடியும் ஏறி ஸ்கூட்டர் உள்ளே வருகிறது,
எழும்பினவர்கள் ஏசிக்கொண்டே வழிவிட.
முகப்பு விளக்கை ஷமீலாமேல் திருப்பி நிறுத்தினாள்.
ஆலையின் சுண்ணாம்புச் சுவரில்
இரண்டாள் உயரத்துக்கு இரண்டு கைகள்.

விருந்தினர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.
வாய் திறந்தபடி அவர் நின்றதையும்
விடாமல் அவள் சொன்னாள்.
பதினேழு பேரும் சிரித்தார்கள்.
கேட்கிறவர்களுக்கு ஏனென்று விளங்கவில்லை.

இன்று காலை படிவத்தைக் கொடுத்தேன்.
எட்டாம் அரங்கு, சாய்தளம்: உண்டு,
உட்கார ஆளும் உண்டு.
வெளிச்சம்: உண்டு, இன்ஜின் ஓடும்வரை.
கழிப்பறை: இல்லை. இல்லவே இல்லை.
பெட்ரோல் நூற்றிருபது ரூபாய், ரசீது கிடையாது.

கணக்கர் கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார்,
பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்,
"கேட்டுச் சொல்கிறோம்" என்றார்.