சோக்

தைப்பனி தரையைத் துளைக்கும் எண்டு சொன்னவன்
மோட்டச்சைக்கிள் வைச்சிருந்திருக்க மாட்டான்.
வைச்சிருந்தால்
காபரேற்றரையும் சேர்த்துச் சொல்லியிருப்பான்.

விடியப்புறம் மூண்டே முக்கால்.
இருபாலையில் எங்கட ஒழுங்கை முழுக்க வெள்ளை.
தகரப் படலையைத் தொட்டால் கை நனையுது.
சீற்றில் பனி, ராங்கில் பனி,
மீன்பெட்டி மூடியில் ஒரு கிண்ணம் வழிச்செடுக்கலாம்.

எம்டி நைன்ரி.
சிவப்பு. யப்பானில் தபாற்காரன் ஓடினது.
முழங்கால் ஆழப் பனிக்குள்ளால
வீடுவீடாய்க் கடிதம் கொண்டுபோன வண்டி
எண்டு சொல்லித்தான் எனக்கு வித்தவன்.
இங்க இருபத்திரண்டு பாகைக்கே
இழுத்துப் போத்திக்கொண்டு படுக்குது.

பெற்றோல் பூட்டைத் திறந்தன்.
சோக்கை உயர்த்தினன்.
திறப்பைப் போடாமல் மூண்டு உதை,
போட்டு ஒரு உதை.
இருமிச்சுது.
இன்னொண்டு.
இருமக்கூட இல்லை.

"குளிருக்குப் பெற்றோல் சோம்பேறி.
சொட்டாய்க் கிடந்தால் பத்தாது,
புகாராய் எழும்பினால்தான் பத்தும்"
எண்டவன் கட்டப்பிராய்ப் பரராசா.
போன கிழமை எஞ்சினைப் பிரிச்சு,
போர் அடிச்சு, பிஸ்ரன் மாத்தி,
முப்பத்தெட்டாயிரம் வாங்கினவன்.
அது நேசமலரின்ர சீட்டுக்காசு.
குசினிக் கூரைக்கு எண்டு கட்டினது.
சொல்லாமல் எடுத்தது நான்.

நாலு நாளாய் அவள் கதைக்கேல்லை.
சோறு வரும், குழம்பு வரும்,
கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் வரும்.
"கொப்பரைச் சாப்பிடச் சொல்லு" எண்டு
பிள்ளையிட்டச் சொல்லுவாள்.
பிள்ளை என்ர மடியில இருக்கும்.

பதினொண்டு. பன்ரெண்டு.
சாரத்தை மடிச்சுக் கட்டினன்.
கிக்கர் வழுக்கிக் கெண்டைக்காலில் அடிச்சுது.
பக்கத்து வளவு நாய் குரைச்சு,
தானாய் அலுத்து நிப்பாட்டிச்சு.
பிளக்கைக் கழட்டினன். ஈரம்.
பனி எண்டு நினைச்சுச் சாரத்தில் துடைச்சுப் பூட்டினன்.
பதினேழு.
புது பிஸ்ரன், புது றிங், பழைய பிடிவாதம்.
பாசையூரில் இப்ப வள்ளங்கள் வந்திருக்கும்.
பாரையைக் கொட்டிக் கூறத் தொடங்கியிருப்பாங்கள்.
எனக்கு மிஞ்சப்போறது சூடையும் காரலும்.

இருவத்தொண்டாம் உதைக்குப் பிறகு
ராங்கில் நெத்தியை வைச்சுக்கொண்டு நிண்டன்.
இரும்பு குளிர்ந்து கிடந்துது,
நெத்தி வேர்த்துக் கிடந்துது.

குசினி யன்னலுக்குள்ளால ஒரு குரல்:
"சோக்கை இறக்குங்கோ."

நான் திரும்பேல்லை.
திரும்பினால் நிண்டிடும் எண்டு பயம்,
குரல்.

"குடிச்சது காணும். மணம் இங்க மட்டும் வருது.
அக்சிலேற்றரை முழுக்கத் திருகிப் பிடிச்சுக்கொண்டு உதையுங்கோ."

பதினொரு வருசமாய்
பாயில் கிடந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள்.
எத்தினையாம் உதையில் என்ன பிழை எண்டு
என்ர காலைவிட அவளின்ர காதுக்குத் தெரியும்.

இறக்கினன். திருகினன்.
ஒண்டு. இரண்டு. மூண்டாவதில்
கறுப்பாய் ஒரு கக்கல்,
பிறகு ஒரு வெடி,
பிறகு தட்டுத்தடுமாறி
ஒழுங்கையையே எழுப்பிக்கொண்டு
எழும்பிச்சுது.

கையை எடுத்தால் நிண்டுபோகும்.
சூடேறும் மட்டும் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும்.
அவள் வெளியால வந்து
துவாயை இழுத்துத் தோளில் சுத்திக்கொண்டு
லைற் வெளிச்சத்தில் பனியும் புகையும் கலக்கிறதைப் பாத்தாள்.
"என்ர காசு" எண்டாள்.
"நல்லாத்தான் கத்துது."

சிரிச்சாளோ தெரியேல்லை, புகை.

இப்ப சீராய் ஓடுது.
பெற்றோல் விக்கிற விலைக்கு
நிண்ட இடத்தில் ஓடவிடுறது அநியாயம்.
பாரையும் முடிஞ்சிருக்கும்.

நான் இன்னும் கையை எடுக்கேல்லை.