எஃப்-ஒன் தட்டினால்

மணலி குடோனில் இன்னும்
ஆறு புள்ளி இரண்டுதான் ஓடுகிறது.
விற்ற கம்பெனி பதினொன்றுக்குப் போய்விட்டது.
போன் எடுத்த பையன் மரியாதையாகத்தான் சொன்னான்:
"அந்த வெர்ஷனுக்கு ஆயுசு முடிஞ்சிருச்சு மேடம்."
தூசி அடைத்த ஃபேன் வழியே
அது மூச்சு விடுவது
எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மாதக் கடைசி. ஸ்டாக் மூட வேண்டும்.
பிழை எண் 4071, கையேட்டைப் பார்க்கவும்
என்றது திரை.
எஃப்-ஒன் தட்டினால்
கையேடு நிறுவப்படவில்லை.
இணைப்பைத் தட்டினால்
கிளவுடுக்கு மாறுங்கள் என்று
யாரோ ஒரு பெண் சிரிக்கிறாள்.
ஜன்னலுக்கு வெளியே ரிஃபைனரிப் புகை,
எங்கள் பக்கத்து மேகம்.

ஸ்டோர் இன்சார்ஜ் ஹபிபுல்லா
பீரோவைக் குடைந்து ஒரு சிடியை எடுத்தார்.
உறைமேல் மார்க்கர் பேனாவில்:
'மேனுவல் 6.2. தொலைச்சா தெரியும் சேதி.'
எழுதியது யாரென்று அவருக்கும் தெரியாது.
தொலைக்கவில்லை யாரும்.
அதைப் போட்டுப் பார்க்கத்தான்
கட்டடத்தில் ஒரு டிரைவ் இல்லை.

ரிச்சி தெருவில் மூன்றாவது கடை.
"இதையா தேடுறீங்க?" என்றவர்
டிரைவைச் சட்டையில் துடைத்து நீட்டினார்.
எண்ணூற்றைம்பது, அறுநூறில் முடிந்தது.
திரும்பும்போது
மடியில் கனமில்லை,
வழியெல்லாம் கன்டெய்னர் லாரி.
தண்டையார்பேட்டையில் மட்டும்
நாற்பது நிமிடம்.

நிறுவ ஐந்து நிமிடம் என்று
உறைக்குள் ஒரு துண்டுச்சீட்டு.
முதலில் பழைய பிரவுசர் கேட்டது.
பிரவுசர் ஒரு ஜாவா கேட்டது.
ஜாவா தன்னைவிட மூத்த ஜாவாவைக் கேட்டது.
அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று
ஆளாளுக்குப் பெரியவரைக் கைகாட்டும்
கல்யாணப் பேச்சு.
கடைசியில் சான்றிதழ் காலாவதி.
தேதியைப் பின்னால் தள்ளி
இன்று 2009 மார்ச் என்று
சர்வரிடம் பொய் சொன்னேன்.
நம்பியது.

தொண்ணூற்றெட்டு சதவீதம்.
ஹபிபுல்லா டீ வாங்கி வந்தார்.
தொண்ணூற்றெட்டு.
இஷா தொழுதுவிட்டு வந்தார்.
தொண்ணூற்றெட்டு.
டம்ளரைக் கழுவப் போன நேரத்தில்
திறந்துகொண்டது,
ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு பக்கம்.

4070 இருக்கிறது. 4072 இருக்கிறது.
நடுவில் ஆங்கிலத்தில் ஒரே வரி:
இப்பக்கம் வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டுள்ளது.
ஹபிபுல்லாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.
"வேணும்னேவா?" என்றார்.

பக்கம் பக்கமாகப் புரட்டினேன்.
மாதிரிப் படங்களில் மாதிரி சரக்கு:
பன் பட்டர் ஜாம், இரண்டு.
அனுப்புநர்: தரமணி டீக்கடை.
குறிப்புப் பெட்டியில் ஆங்கில எழுத்தில் தமிழ்:
'மழை விடல.'
அடுத்த படத்தில், 'இன்னும் விடல.'
படங்களின் வலது மூலையில் கடிகாரம்.
11:52.
1:10.
2:47இல் பொருளின் பெயர்
வெறும் 'ஆஆஆஆ'.
அதற்கப்புறம் அன்றிரவுப் படமில்லை.
தூங்கியிருப்பாள். அல்லது தூங்கியிருப்பான்.
நன்றிப் பக்கத்தில்
ஐந்து துணைத்தலைவர்கள் பெயர் இருந்தது.

விடை அறுநூற்றுப் பன்னிரண்டில்,
சம்பந்தமில்லாத அத்தியாயத்தில், அடிக்குறிப்பாக:
பாதியில் விட்ட ரசீதை அழி, பிறகு மூடு.
ஆறு ரசீது. அழித்தேன்.
மூடிக்கொண்டது.
கடைசி வண்டியைப் பிடிக்க ஓடினேன்.

காலை ஏழரைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து போன்.
ஐம்பது டன் சோடா ஆஷ்
2009 மார்ச்சிலேயே எப்படிங்க குடோனுக்கு வந்தது,
அப்போ குடோனே கட்டலையே?

தேதியைத் திருப்ப மறந்திருந்தேன்.

மறுபடி மணலி. மறுபடி அதே நாற்காலி.
முடித்த கணக்கைத் திறக்க வழி உண்டா?
எஃப்-ஒன் தட்டினேன்.
இந்த முறை திறந்தது.
அந்தப் பக்கத்துப் படத்திலும்
மழை விட்டிருக்கவில்லை.