ஷண்டிங் எஞ்சின்

ப்ளைவுட் ஆறடிக்கு இரண்டரை.
அதற்குமேல் போனால் பீரோக் கதவு திறக்காது.
இந்தக் கணக்கில்தான் எல்லாம் தொடங்கியது.

பகலெல்லாம் மார்த்தாண்டத்தில் பல் செட் செய்கிறேன்.
முகம் தெரியாத யாருடையதோ கடைவாய்ப் பல்,
அரை மில்லி கூட, அரை மில்லி குறைய.
இரவில் அதே சாமணம், அதே லென்ஸ்.
இரணியல் வீட்டு மாடியில்
நான்கு தண்டவாளத்தில் ஒரு யார்டு.
ஸ்டேஷனுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

யார்டுக்கு ஒரு சின்ன எஞ்சின் வேண்டும்.

பார்வதிபுரம் டென்னிசனிடம் இரவல் வாங்கி
முதலில் ஓட்டியது ஆறு சக்கரப் பச்சை டீசல்.
நீண்ட மூக்கு, ஏணியில் மஞ்சள் கோடு.
வளைவில் மூக்கு வெளியே தொங்கி
அட்டைப் பிளாட்பாரத்தை நக்கியது.

அடுத்து, கரி எஞ்சின் ஒன்று, குட்டி.
புகைபோக்கியைப் பார்த்தாலே கொஞ்சத் தோன்றும்.
பாதை பிரியும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு,
அரை அங்குலம், மின்சாரம் இல்லாத இடம்.
அங்கே வந்ததும் நின்றுவிடும்
சொல்ல வந்ததை மறந்த ஆள் மாதிரி.
விரலால் தள்ள வேண்டும். ஒவ்வொரு தடவையும்.

"வேகத்த பாக்காண்டாம்" என்றான் டென்னிசன்.
"மெள்ளப் போவுதான்னு பாரு.
பறக்கதுக்கு எது வேணும்னாலும் பறக்கும்."

சரி என்று பரீட்சை வைத்தேன்.
ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு
ஒரு மூச்சு ஆக வேண்டும்.
நிற்கும்போது குதிக்கக் கூடாது.
பெட்டியைத் தொடும்போது டக் என்று கேட்கலாம்,
டமார் கூடாது.

தேறியது மூன்றாவது.
சாம்பல் நிறம், இரண்டு தீப்பெட்டி நீளம்,
யாரோ ஓட்டித் தீர்த்தது, ஒரு பஃபர் இல்லை,
கேபின் கண்ணாடியில் பசை ஒட்டிய கைரேகை.
வயிற்றுக்குள் ஈயத்துண்டு வைத்துக்
கனம் கூட்டியிருந்தார்கள்.
எல்லாச் சக்கரமும் மின்சாரம் எடுத்தது.
விலை: பதினோரு கடைவாய்ப் பல்.

நான் சர்ச்சுக்குப் போகாத ஞாயிறு.
குவைத்திலிருந்து வீடியோவில் ஜெனிலா,
நைட் டியூட்டி முடித்த முகம்.
"எத்தன பெட்டி இழுக்கும்?"
"மூணு. நாலாவது வச்சா வழுக்கும்."
"எது வரைக்கும் போவும்?"
"இந்தா, இங்கேருந்து அங்க. மூணடி."
"பின்ன?"
"திரும்பி வரும்."
சிரித்தாள். பிறகு
கொஞ்சநேரம் எஞ்சினையே பார்த்தாள்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில்
கண்ணாடிக் கதவுவரை டிராலியைத் தள்ளிவிட்டுத்
திரும்புகிற சாலை
எட்டு வருடமாக எனக்குத் தெரியும்.
களியக்காவிளையில் ஒரு கட்டன் சாயா.
பக்கத்து சீட்டில் அவள் மறந்த மாஸ்க்.

மழை வந்தால் தண்டவாளத்தில் பச்சை பூக்கும்.
ஸ்பிரிட் துணியால் துடைக்கிறேன்.
எஞ்சின் மூன்று பெட்டிகளைக் கோர்த்து
பிளாட்பாரத்தில் கொண்டு வைத்து
கழன்றுகொண்டு பின்னால் வருகிறது.
தூரப் போகிற எஞ்சினை
நான் இன்னும் வாங்கவில்லை.

"அந்தப் பஃபர் ஒண்ணக் காணல்லியே" என்றாள்.
"செய்யணும். பல்லு அக்ரிலிக் கிடக்கு."
"வெள்ளையாட்டா இருக்கும்?"
"இல்ல. ஏ-டூ. கொஞ்சம் மஞ்சள் அடிக்கும்.
உனக்க பல்லு நிறம்."